ராத்தல் வீரய்யா

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசின் கொக்கியில் வீரய்யா தம்முடைய கால்சட்டையை மாட்டினார். முள் ஆடி அடங்கி, இரண்டு ராத்தலை, அதாவது இரண்டு பவுண்டை, தாண்டி நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டே கழற்றினார். இடுப்பில் இருந்த பித்தளைப் பக்கிளைக் கத்தியால் அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நாடாவைக் கோத்து மறுபடியும் மாட்டினார். முள் அதே இடத்தில்தான் நின்றது. வீரய்யாவின் முகம் மட்டும் தெளிந்துவிட்டது.

"தராசுக்குத் தெரியாது. ஏத்தத்துல தள்ளிக்கிட்டுப் போறப்ப எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமையாதலால் கொழுந்து மடுவத்தில் வேறு ஆளில்லை. மற்ற நாட்களில் நிறைந்த கூடைகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிற இடம் அது. இன்று அங்கே ஏறி இறங்குபவை வீரய்யாவின் சைக்கிள் பயணச் சாமான்கள். மழைக்கு ஒரு மேலாடை, குளிருக்குக் கம்பளிச் சட்டை, காலுறை இரண்டு சோடி, கணுக்கால் தொடங்கி முழங்கால்வரை சுற்றுகிற பட்டி, சமையலுக்கு ஒரு தகர டின், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு கட்டிச் சவுக்காரம். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் தொங்கவிடுகிற இரண்டு கான்வஸ் பைகளுக்குள் இவ்வளவும் அடங்க வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு ராத்தலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதையாவது வெட்டுவார். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறார்.

அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அவருக்கு இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற பிட்டர் வேலை. வயது நாற்பத்தேழு. ஆள் ஒல்லி. கன்னம் ஒட்டியிருக்கும், முழங்காலுக்குக் கீழே மட்டும் சதை முறுக்கிக்கொண்டு நிற்கும். தோட்டத்தில் மூன்று வீரய்யாக்கள் இருப்பதால், ராத்தல் வீரய்யா என்றால்தான் இவரைத் தெரியும். அந்தப் பேரைச் சூட்டியவள், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பக்கத்துக் காம்பராக் காளியாயி.

"கொழுந்துக்குத்தான் ராத்தல் கேப்பாங்க. இந்த மனுசன் கோவணத்துக்கும் ராத்தல் பாக்குறாரு!"

வருடத்துக்கு ஒரு முறை, லீவு கிடைக்கிற பத்து நாளில், வீரய்யா சைக்கிளில் கிளம்பிவிடுவார். திருகோணமலை போயிருக்கிறார். மாத்தறை போயிருக்கிறார். புத்தளத்தில் உப்பு வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கோயிலுக்கா என்று கேட்டால், "வழியில கோயில் இருந்தா கும்புடுவேன்" என்பார்.

இந்தப் பழக்கம் ஐம்பத்தொன்றில் பிடித்தது. இந்திய வம்சம் என்று பறித்துவிட்ட பிரஜா உரிமைக்குத் தோட்டத்து ஆட்கள் விண்ணப்பம் எழுதிய காலம் அது. தோட்டத்தில் எல்லோரும் வரிசையாகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள். எழுதிக்கொடுத்தவர், "இந்த நாட்டுல எத்தனை வருசமா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"பொறந்ததுல இருந்துங்க."

"எந்தெந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதாங்க. வேற ஊரு தெரியாது."

அன்று லயத்துக்குத் திரும்பி நடந்தபோது அந்தப் பதில் அவருக்கே குறையாகப் பட்டது. "என் நாடு இதுன்னு கைநாட்டு வெக்காத கொறையா எழுதிக் குடுத்துட்டு வாரேன். நான் பாத்தது என்னா? இந்த மல, அந்த மல, ஹட்டன் டேசன். அவ்வளவுதான். இனிமே பாத்துட்டுத்தான் மறுவேல."

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னத்தொரை ஒருவர் விட்டுப்போன ராலி சைக்கிள் ஒன்று, முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்து, இஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது. பிட்டருக்கு அதை நிமிர்த்துவது பெரிய காரியமில்லை. இரண்டு மாதத்தில் ஓடவைத்தார். கண்டிக்குப் போய்வந்தார். போகும்போது வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தார், தலையில் சாக்குக் கொங்காணி. திரும்பி வந்தபோது அவரால் உட்கார முடியவில்லை. நான்கு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டார். அந்த நான்கு நாளில்தான் மனிதர் யோசிக்க ஆரம்பித்தார்.

முதல் யோசனை கால்சட்டை. ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிற மீராசாஹிப்பிடம் போய், உட்காரும் இடத்தில் தையலே வரக்கூடாது என்று சொன்னார்.

"தையல் இல்லாமக் கால்சட்டை தைக்க நான் என்னா சிலந்தியா?" என்றார் மீராசாஹிப். "நாலு துண்டும் சேருற எடமே அதுதான் தம்பி. அங்க தைக்காம வேற எங்க தைப்பேன், காதுலயா?"

வீரய்யா கோபிக்கவில்லை. கடை வாசலிலேயே குந்தி, ஒரு பழைய காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்டோரில் உருளைக்குத் தகடு வளைக்கிறவருக்குத் துணி புதிதென்றாலும் கணக்கு ஒன்றுதான். மத்தியானத் தொழுகைக்குப் போய்விட்டு மீராசாஹிப் திரும்பியபோது வீரய்யா காகிதத்தில் ஒரு கால்சட்டை செய்துவைத்திருந்தார். நான்கு தையலும் சந்திக்கிற இடத்தில் சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு. தையல்கள் நான்கும் அதன் ஓரத்துக்கு விலகிப்போயிருந்தன. மீராசாஹிப் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்தார். இன்றைக்கும் அந்தக் கடையில் அந்த வெட்டுக்கு 'வீரய்யா துண்டு' என்றுதான் பேர். மஸ்கெலியா தபால்காரர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டு வாங்கித் தைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது மழை. அதற்கு அவர் செய்த உடைக்கு அவரே வைத்த பேர் கூடாரம். கழுத்திலிருந்து நாலாபக்கமும் விரிந்து, முன்புறம் சைக்கிளின் கைப்பிடிவரை மூடுகிற வட்டத் துணி. காற்றில் தூக்காமலிருக்க உள்ளே கட்டைவிரல்கள் மாட்ட இரண்டு வளையம். துணிக்கு ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் காய்ச்சிப் பூச வேண்டும். பூசினால் காய வேண்டும். அக்கரப்பத்தனைப் பனியில் எங்கே காய்வது? கொழுந்து வாட்டுகிற மாடியில் விசிறி சுற்றுகிறதே என்று அங்கே கொண்டுபோய் விரித்துவிட்டார். தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அடேய், தேயிலைக்கு எந்த வாசம் பட்டாலும் இழுத்துக்கும்டா! இந்த எண்ணெ நாத்தம் ஏறுனா கொழும்புல ருசி பாக்குறவன் நம்ம தோட்டத்துப் பேரச் சொல்லித் துப்புவான்!"

கூடாரம் பிறகு லயத்துக் கூரையில் பதினொரு நாள் கிடந்து காய்ந்தது. மனைவி நாகலெட்சுமிதான் காவல். கூடாரத்தின் தையலும் அவளுடையது. முதலில் தைத்ததைப் போட்டுக்கொண்டு ஹட்டன் போய்வந்த வீரய்யா, உள்ளே தொப்பலாக நனைந்திருந்தார்.

"ஒழுகுதா?" என்றாள் கவலையோடு.

"ஒழுகல புள்ள. மழையில நனையாம வேர்வையில நனைஞ்சிட்டேன். காத்து வெளிய போக வழி வேணும்."

அவள் அதை முழுக்கப் பிரித்தாள். முதுகில் ஒரு மடிப்பை வைத்து, காற்று போகும்படியும் தண்ணீர் வராதபடியும் ஓட்டுக்கூரைபோல மேல்துணியைக் கீழ்த்துணிமேல் இறக்கித் தைத்தாள். அப்படி ஒரு மடிப்பை அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை.

பருத்தியை வீரய்யா உடம்பில் சேர்ப்பதில்லை. "பருத்தி நனைஞ்சா ஐஸ்கட்டி. கம்பளி நனைஞ்சாலும் சூடு விடாது" என்பார். மழைக்கு வேலையாட்கள் போர்த்துகிற முரட்டுக் கம்பளியையே வெட்டிச் சட்டையாக்கியிருக்கிறார். அது உடம்பெல்லாம் அரிக்கும். அரிப்பு ஒரு நாளில் பழகிவிடும், குளிர் எத்தனை நாளானாலும் பழகாது என்பது அவர் கட்சி. பிரேக்குக்கு ரப்பர் கட்டை வைப்பதில்லை, ஈரத்தில் வழுக்குகிறதாம். இஸ்டோர் இயந்திரத்தில் அறுந்துபோன தோல் பெல்ட்டை வெட்டிப் பொருத்தியிருக்கிறார். அதுவும் போதாத இறக்கத்தில் ஒரு சவுக்குக் கிளையை ஒடித்துப் பின்னால் கட்டி, தரையில் இழுபடவிட்டு இறங்குவார். தூரத்தில் வரும்போதே சரசரவென்று சத்தம் கேட்கும். ரோட்டோரக் கடைகளில் உள்ளவர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஐம்பத்தேழாம் வருடத்து மார்கழி வந்தது.

ஆறு வருடம் கிடப்பில் கிடந்த விண்ணப்பத்துக்கு விசாரணைக் கடிதம் வந்தது. மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில், மனைவியோடு ஆஜராக வேண்டும். வீரய்யாவின் பத்திரங்கள் சரியாக இருந்தன. குறை நாகலெட்சுமியிடம். அவள் மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, நாற்பத்திரண்டில் கல்யாணமாகி அக்கரப்பத்தனைக்கு வந்தவள். அதற்கு முந்திய வருடங்களில் அவள் இந்த நாட்டில்தான் இருந்தாள் என்பதற்கு அந்தத் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்திலிருந்து ஒரு நகல் வேண்டும். வீரய்யா இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. நேரில் போகலாம் என்று இருந்தபோது மழை பிடித்தது. அந்த மழையை மலைநாட்டில் இன்றும் மறந்தவர்கள் இல்லை. பாதையெல்லாம் மண் சரிந்தது. ரயில் நின்றது. பஸ் நின்றது.

மனைவி இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்காவிட்டால் புருஷனுடைய விண்ணப்பமும் தள்ளுபடி. பிள்ளைகள் மூன்று பேருடைய பேரும் அதே தாளில்தான் இருந்தது.

"என்னாலதானே எல்லாருக்கும் இல்லாமப் போகப்போகுது" என்றாள் நாகலெட்சுமி.

"இன்னும் போகல. திங்கக்கெழம நான் போறேன்."

"இந்த மழையில கோழிக்குஞ்சக்கூட யாரும் வெளிய விடமாட்டாங்க."

"கோழிக்குஞ்சுக்குக் கூடாரம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து கூடாரத்தின் தோள்பக்கத்துக்கு இன்னொரு பூச்சு மெழுகு தேய்த்தாள். திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரத்தில் அவர் புறப்பட்டார். அவள் மழையில் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம நான் கச்சேரிக்கு வந்துருவேன்."

"பஸ் இல்லியே. எப்புடி வருவ?"

"நீங்க வந்துருவீங்கல்ல? அப்ப நானும் வந்துருவேன்."

நுவரெலியாவரை பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனார். ஹக்கலையைத் தாண்டியதும் பாதை இல்லை. மேலேயிருந்து ஒரு பெரிய சரிவு, தேயிலைச் செடிகளும் கல்லும் கலந்து, ரோட்டை மூடிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. இந்தப்பக்கம் ஒரு பஸ்ஸும் இரண்டு லொறிகளும் நின்றன. மனிதர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரய்யா கால்பட்டியை இறுக்கிச் சுற்றினார். பைகளோடு சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டார். அவ்வளவு நாளும் தராசில் மாட்டி மாட்டிக் குறைத்த பாரம் அது. தோள் அதைத் தாங்கியது.

"பிஸ்ஸுத?" என்று சிங்களத்தில் கத்தினார் பஸ் டிரைவர். பைத்தியமா என்று கேட்கிறார்.

"யன்ன ஓன, மஹத்தயா" என்றார் வீரய்யா. போயே ஆக வேண்டும் என்று அர்த்தம். அதற்கு மேல் விளக்க அவருக்கு மூச்சு இல்லை. முழங்கால்வரை புதைந்து புதைந்து, அரை மணி நேரத்தில் அந்தப்பக்கம் ஏறினார். பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். வீரய்யா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சவுக்குக் கிளையைத் தேடிக்கொண்டிருந்தார், வெலிமடைவரை இறக்கம்.

புதன்கிழமை காலை அந்த மடூல்சீமைத் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் போய் நின்றார். வழியெல்லாம் அட்டை. காலுறையில் சவுக்காரம் தேய்த்திருந்ததால் காலில் ஏறவில்லை. கழுத்தில் இரண்டு ஏறியிருந்தன. தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு எட்டிப் பார்த்தார்.

"பேர்ப் புத்தகமா? பதினஞ்சு வருசத்துக்கு முந்தினதா? மழை விட்டதும் வா, தேடிப் பாக்கலாம்."

"மழை விடுறதுக்குள்ள வெள்ளிக்கெழம வந்துருங்க, ஐயா."

"அதுக்கு நான் என்னா செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாங்க. நான் நிக்கிறேன்."

நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். கூடாரத்தின் ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் வராந்தாவில் ஓடி, ஆபீஸ் அறைக்குள் போக ஆரம்பித்தது. ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். பியூன் இரண்டு தரம் துடைத்துவிட்டான்.

அப்போது பெரிய கிளாக்கர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இடுப்புக்குக் கீழே பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் எடுக்கலாம். நடுங்கிக்கொண்டே படி ஏறியவர், வராந்தாவில் நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டு நின்றார். வீரய்யா கூடாரத்தைத் தலைவழியாகக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். உள்ளே கம்பளிச் சட்டை காய்ந்திருந்தது.

"எங்கேருந்து வார?"

"அக்கரப்பத்தனைங்க. சைக்கிள்ல."

"அக்கரப்பத்தனையிலேருந்தா!" கிளாக்கர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். முதுகு மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். "இது எங்க வாங்கினது? கொழும்பா?"

"வாங்கலிங்க. என் சம்சாரம் தைச்சது. அவ பேரு நாகலெட்சுமி. உங்க தோட்டத்துப் புத்தகத்துல இருக்கு. அதப் பாத்து நீங்க எழுதிக் குடுங்க. இத எப்புடித் தைக்கிறதுன்னு நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

கண்டாக்கு வாயைத் திறந்தார். கிளாக்கர் கையைக் காட்டி அவரை அடக்கினார். தாளும் பென்சிலும் வந்தன. ஒரு மேசையின் இந்தப் புறம் வீரய்யா வட்டம் போட்டு, கழுத்து இத்தனை அங்குலம், வளையம் இங்கே, எண்ணெய் இவ்வளவு, மெழுகு இவ்வளவு என்று வரைந்துகொண்டிருந்தார். அந்தப் புறம் கிளாக்கர், செல்லரித்த புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி, பழனியாண்டி கங்காணி கணக்கு, முப்பத்தேழு முதல் நாற்பத்திரண்டு வரை. இருந்தது. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடித்து, தாளை மாற்றிக்கொண்டார்கள்.

வீரய்யா தமக்குக் கிடைத்த நகலைத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் சுற்றினார். அதை வெட்டிய சைக்கிள் டியூப்புக்குள் செருகி, இரு முனையையும் கட்டி, டியூப்பைச் சட்டைக்கு உள்ளே இடுப்பில் முடிந்துகொண்டார்.

வியாழக்கிழமை, பதுளைக்கும் வெலிமடைக்கும் நடுவே, ஒரு மதகின் மேல் ஆறு போய்க்கொண்டிருந்தது. சைக்கிளைத் தோளில் வைத்துப் பாதி கடந்தபோது கால் தவறியது. தண்ணீர் அவரைப் புரட்டி மதகின் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் மோதியது. சைக்கிளை விடவில்லை. இடதுபக்கப் பை அறுந்து போய்விட்டது. மாற்றுச் சட்டை, போர்வை, ரொட்டி, எல்லாம் அதில்தான். கரையேறியதும் முதலில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் முழங்காலில் ரத்தம் வருவதைக் கண்டார்.

"அப்ப பயந்தீங்களா?" என்று பிற்பாடு ஒருத்தர் கேட்டதற்கு, "பயப்பட எடம் எங்க இருந்துச்சு? பல்லு தந்தியடிச்சிக்கிட்டு இருந்துச்சு" என்றார். மறுநாள் விடிவதற்கு முன்பே வெலிமடையிலிருந்து ஏற ஆரம்பித்தவருக்கு உடம்பை மூட இருந்தது அந்த நனைந்த கம்பளிச் சட்டையும் கூடாரமும்தான். ஹக்கலைக் குளிரில் சட்டையிலிருந்து ஆவி வந்ததாம். மிதிக்க முடிந்தவரை மிதித்தார், முடியாத இடத்தில் தள்ளினார், அந்தச் சரிவை மறுபடியும் சைக்கிளைத் தோளில் போட்டுக் கடந்தார். நின்றால் விறைத்துவிடும் என்று நிற்கவே இல்லை.

கச்சேரிக் கடிகாரம் பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தார். வராந்தா ஓரத்தில், முழங்கால்வரை சேறு காய்ந்த சேலையோடு, நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைக் காளியாயியிடம் விட்டுவிட்டு, வியாழன் காலை நடக்கத் தொடங்கி, லிந்துலையில் சொந்தக்காரர் லயத்தில் தங்கி, மிச்ச தூரத்தை ஒரு மரக்கறி லொறியின் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு மேல் கடந்திருந்தாள். எழுந்து நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு பையி எங்க?"

"ஆத்துல போச்சு."

"அது?"

வீரய்யா இடுப்பைத் தட்டிக் காட்டினார். அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுக்காரர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். வீரய்யா மேசைமுன் நின்று டியூப்பின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல் வளையவில்லை. நாகலெட்சுமி குனிந்து பல்லால் அவிழ்த்தாள். ஈயத்தாளைப் பிரித்ததும் தாள் இஸ்திரி போட்டதுபோல் வந்தது. அதிகாரி தாளைப் பார்த்தார். கீழே வீரய்யாவின் காலடியில் தேங்குகிற தண்ணீரைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"ஆள் இப்படி நனைஞ்சிருக்கு. தாள் மட்டும் எப்படி நனையலன்னு கேக்குறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அது நனையக் கூடாதுன்னுதாங்க நான் நனைஞ்சேன்."

அதை மொழிபெயர்ப்பாளர் முழுதாகச் சொன்னாரோ என்னவோ, அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினார். கங்காணி பேர் என்ன? சொன்னாள். எந்த லயம்? சொன்னாள். கூட வேலை செய்தவர்கள் யார்? பெரட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டி நிமிர்ந்துகொண்டு, நிரையில் தனக்கு இடப்பக்கம் நின்றவளிலிருந்து தொடங்கினாள். லெட்சுமி, வேலாயி, அம்மாக்கண்ணு... பதினோராவது பேரில் மொழிபெயர்ப்பாளர், "போதும்மா, போதும்" என்றார். அவள் இன்னும் இரண்டு பேர் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். அவர்களை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

முடிவு ஒன்பது மாதம் கழித்துத் தபாலில் வந்தது. ஐந்து பேருக்கும் பிரஜா உரிமை கிடைத்திருந்தது. அன்றைக்கு அந்த வராந்தாவில் இருந்த எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது வீரய்யா குரலை இறக்கிக்கொள்வார். "அவங்களும் இங்கனக்குள்ள பொறந்தவங்கதான். பேப்பர் எங்கியோ மக்கிப் போயிருக்கும்" என்பார். அதற்குமேல் பேச மாட்டார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரியாமல் இரண்டு பேரும் கச்சேரி வாசலில் நின்றார்கள். மழை விடவில்லை. பஸ் இல்லை. நுவரெலியாவில் தெரிந்தவர் வீட்டில் அவளை விட்டுவிட்டுத் தாம் மட்டும் போகலாம் என்று வீரய்யா நினைத்தார்.

"புள்ளைங்க அங்க இருக்கு. நானும் வாரேன்" என்றாள்.

"சைக்கிள்லயா? ரோடு இருக்குற இருப்புக்குச் சேல சக்கரத்துல மாட்டும்."

"அந்தக் கால்சட்டையக் குடுங்க."

மீதமிருந்த வலதுபக்கப் பையில் மாற்றுக் கால்சட்டை ஒன்று இருந்தது. நாகலெட்சுமி அதை வாங்கி, தூணின் மறைவில் சேலைக்கு உள்ளாக மாட்டிக்கொண்டாள். சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து சொருகினாள். அவர் அவிழ்த்துக் கொடுத்த கால்பட்டியைக் கணுக்காலிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். வீரய்யா கூடாரத்தைக் கழற்றி அவள் தலைவழியே போட்டுவிட்டு, தாம் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டார்.

கச்சேரிப் படிகளில் கூட்டம் கூடிவிட்டது. கால்சட்டை போட்ட தோட்டத்துப் பெண்ணை அங்கே யாரும் கண்டதில்லை. ஒரு பியூன் வாய்விட்டுச் சிரித்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வாசலுக்கு நடுவில் வந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நாகலெட்சுமி யாரையும் பார்க்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து, புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுங்க."

வாசலில் வழி இல்லை. வீரய்யா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, கட்டைவிரலை மணியில் வைத்தார். அடித்தார். பியூனின் சிரிப்பு நின்றது. மறுபடியும் அடித்தார். பியூனும், அவனுக்குப் பின்னால் அந்தப் போலீஸ்காரரும் ஒதுங்கி வழிவிடும்வரை, மழைக்குள் அந்த மணியை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.